சோப்பைத் தின்னும் தண்ணீர்

என் நாத்தனார் தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். போன ஆடியில் அவள் வீட்டுக்குப் போனபோது சமையலறை மூலையில் ஐந்து குளிர்பான பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர். உள்ளே நீல நிறத்தில் கொழகொழவென்று ஏதோ இருந்தது.

"அண்ணி, பத்து லிட்டர் வாஷிங் லிக்விட். நானே பண்ணது. கடையில லிட்டர் இருநூறு ரூபாய்க்கு விக்கிறதை நாப்பது ரூபாய்க்குள்ள முடிச்சுட்டேன்" என்றாள். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அவள் மகனின் பள்ளிச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போதுதான் கவனித்தேன். வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்துக் கிடந்தது. காலர் மடிப்பில் விரலை வைத்தால் மெழுகு தடவியதுபோல் வழுக்கியது. அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது.

"வீட்டிலேயே சோப்புப் பவுடரும் லிக்விடும் செய்துகொண்டால் குடும்பச் செலவில் பெரிய தொகை மிச்சம்" என்பதை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். செல்போன் வீடியோக்களில் சொல்கிறார்கள், மகளிர் குழுக் கூட்டங்களில் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் தருமபுரி மாவட்டத்தில், அதுவும் போர்த் தண்ணீரில் துணி துவைக்கிற வீடுகளில், இந்தப் பேச்சு பெண்களின் பணத்தையும் நேரத்தையும் கைத்தோலையும் வீணாக்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் விலைக் கணக்கு. "கடையில் லிட்டர் 200 ரூபாய், வீட்டில் 40 ரூபாய்" என்கிற ஒப்பீடே தவறு. கடையில் 200 ரூபாய்க்கு விற்பது வாஷிங் மெஷினுக்கென்று வருகிற உயர்ரக லிக்விட். என் நாத்தனார் அதை வாங்கியதே இல்லை. அவள் வீட்டில் இத்தனை நாளும் புழங்கியது எடைபோட்டு விற்கும் சாதாரண பவுடரும் நீல நிற சலவை பாரும்தான். நாம் செய்ததை நாம் உண்மையில் வாங்கிக்கொண்டிருந்த பொருளோடுதானே ஒப்பிட வேண்டும்?

அவள் கணக்கை அவள் நோட்டிலிருந்தே போட்டுப் பார்த்தோம். டவுனில் கிட் என்று ஒரு பை கொடுக்கிறார்கள். அதில் ஒரு கிலோ ஆசிட் ஸ்லரி, அரைக் கிலோ எஸ்.எல்.இ.எஸ். என்கிற நுரைப் பசை, காஸ்டிக் சோடா, உப்பு, நிறம் எல்லாம் இருந்தன. வாசனையைத் தனியாக வாங்கியதோடு சேர்த்து 380 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் பயணச் செலவு இல்லை. பத்து லிட்டருக்கு 380 என்றால் லிட்டர் 38 ரூபாய். அதுவரை அவள் சொன்னது சரி. சாதாரண பவுடர் அன்றைக்கு அவள் ஊர்க் கடையில் கிலோ 65 ரூபாய். ஆனால் ஒரு கிலோ பவுடர் எத்தனை வாளித் துணிக்கு வந்ததோ, அத்தனை வாளிக்கு இந்த லிக்விட் ஒன்றரை லிட்டர் பிடித்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அப்படியானால் பத்து லிட்டர் லிக்விட், ஆறே முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான பவுடருக்குச் சமம். அதன் விலை 433 ரூபாய். மிச்சம் 53 ரூபாய். இது ஒரு மாதத்துக்கு இல்லை, பத்து லிட்டரும் தீரும்வரைக்கும்.

இந்த 53 ரூபாய்க்காக அவள் செலவிட்டது மூன்று மணி நேரம். கலக்கியது, ஆறவிட்டது, மறுபடி கலக்கியது, பாத்திரத்தைக் கழுவியது, பாட்டிலில் ஊற்றியது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. மூன்று மணி நேரத்துக்கு 126. "அந்த நேரத்துல எனக்கு யாரு அண்ணி கூலி கொடுக்கப் போறாங்க?" என்று கேட்டாள். யாரும் கொடுக்க மாட்டார்கள், உண்மைதான். வீட்டுப் பெண்ணின் நேரத்துக்கு விலை இல்லை என்று எல்லோரும் நினைப்பதால்தான் இந்த வீடியோக் கணக்குகள் எல்லாம் லாபத்தில் முடிகின்றன. அந்தக் கூலி வரியைச் சேர்த்துப் போட்டால் பெரும்பாலானவை நஷ்டத்தில்தான் வந்து நிற்கும்.

"நிர்மா கம்பெனியே வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்ததுதானே?" என்று ஒரு கேள்வி வரும். ஆமாம். கர்சன்பாய் பட்டேல் 1969இல் அகமதாபாத்தில் தன் வீட்டிலேயே பவுடர் கலந்து, சைக்கிளில் எடுத்துப் போய் வீடு வீடாக விற்றார். அன்றைக்குச் சந்தையை ஆண்ட சர்ஃபின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்றார். ஆனால் அவர் வேதியியல் படித்தவர், அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவருக்குக் கிடைத்த மிச்சம் வீட்டில் செய்ததால் வந்ததும் இல்லை. தொடக்கத்தில் பெட்டி இல்லை, விளம்பரம் இல்லை, இடைத்தரகர் இல்லை, விலை குறைந்த சோடாச் சாம்பலே முக்கால்வாசி வேலையைச் செய்தது. அப்படித்தான் விலை இறங்கியது. அதைப் பார்த்து, சர்ஃபைத் தயாரித்த பெரிய கம்பெனியும் 1980களின் கடைசியில் வீல் போன்ற மலிவுப் பவுடரை இறக்க வேண்டி வந்தது. ஒரு காலத்தில் வீட்டில் கலந்தால் மட்டும் கிடைத்த அந்த மலிவு இன்று எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. பட்டேல் கண்டுபிடித்த இடைவெளியை அவரே மூடிவிட்டார். அதே இடத்தில் நாம் இன்னொரு முறை தோண்டினால் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இனி தண்ணீர். இதுதான் எனக்கு முக்கியம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஆசிட் ஸ்லரி இல்லாத இன்னொரு செய்முறையும் ஊரில் சுற்றுகிறது. கட்டி சோப்பைத் துருவி, வாஷிங் சோடா சேர்த்து, வெந்நீரில் கரைத்து வைத்துக்கொள்வது. சிலர் வெண்காரமும் சேர்க்கச் சொல்கிறார்கள். இதைச் செய்து பார்க்கும் முன் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். ஒரே அளவில் இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றில் உங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரும் இன்னொன்றில் மழைத் தண்ணீரும் பாதி பாதி ஊற்றுங்கள். குளியல் சோப்பைக் கத்தியால் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டு மூடிக் குலுக்குங்கள்.

நாத்தனார் வீட்டுத் திண்ணையில் நாங்கள் அதைச் செய்தோம். மழைத் தண்ணீர் பாட்டிலில் நுரை கழுத்துவரை ஏறி அப்படியே நின்றது, கீழே தண்ணீர் பால் போல ஒரே சீராக இருந்தது. போர்த் தண்ணீர் பாட்டிலில் நுரை எழுந்த வேகத்தில் அடங்கிவிட்டது. சற்று நேரத்தில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் திரண்டு மேலே மிதந்தன. எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல் இருந்தது. அவள் மகன் விரலை விட்டு அந்தத் திரளை எடுத்துப் பிசைந்து பார்த்தான். பிசுபிசுவென்று ஒட்டியது. "இதுதான்டா உன் சட்டைக் காலர்ல இருக்கிறது" என்றேன்.

தருமபுரியின் நிலத்தடி நீர் கடினப் பாறைப் பிளவுகளில் ஊறி வருவது. பாறையிலிருந்து கால்சியமும் மெக்னீசியமும் அதில் கரைந்துவிடுகின்றன. சோப்பு அந்தத் தண்ணீரில் விழுந்தவுடன் முதலில் இந்த இரண்டோடும் சேர்ந்து கரையாத திரளாக மாறுகிறது. அவை முழுக்கத் தீர்ந்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் அழுக்கைத் தொடும். எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போடலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாதபோது 600வரை அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் போரில் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கால்சியமும் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 3 கிராம் சோப்பைத் தின்னும். 15 லிட்டர் வாளி 46 கிராமைத் தின்னும். துணியை வாளிக்குள் போடுவதற்கு முன்பே இவ்வளவு போய்விடுகிறது. அலசும் தண்ணீரும் அதே போர்த் தண்ணீர்தான் என்றால், துணியில் தங்கிய சோப்பு அங்கேயும் திரிந்து இழைக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைச் சட்டை சாம்பல் பூப்பதும் துண்டு தகடுபோல் விறைப்பதும் இதனால்தான். துவைக்கிறவள் கையில் பலமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

துருவுவதற்கு எடுக்கிற கட்டி நீல பார் என்றால் அது சோப்பே இல்லை, டிடர்ஜென்ட் கட்டி. அதில் களிமண், சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகள் நிறைய இருக்கும். கம்பெனிக்கு முழு விலையும் கொடுத்து வாங்கிய ஒரு பாரைத் துருவி, மேலே கொஞ்சம் சோடா போட்டுக் கரைத்ததை எப்படி வீட்டில் செய்தது என்று சொல்ல முடியும்?

ஆசிட் ஸ்லரியில் செய்கிற லிக்விட் துருவிய சோப்பைவிடப் பரவாயில்லை. இதை ஒத்துக்கொள்ள வேண்டும். அது உண்மையிலேயே டிடர்ஜென்ட், உப்புத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் திரியாது. ஆனால் கடினத் தண்ணீரில் அதுவும் பலம் குறையும். அதனால்தான் கடைப் பவுடரில் ஸ்லரியோடு நிறையச் சோடாவும் சிலிகேட்டும் சேர்க்கிறார்கள். கால்சியத்தை அவை பார்த்துக்கொள்ளும், ஸ்லரி அழுக்கைப் பார்த்துக்கொள்ளும். போய்விட்ட அழுக்கு மறுபடி துணியில் ஒட்டாமல் தடுக்கிற பொருளும் இருக்கும். கொஞ்சம் விலை கூடிய பவுடரில் எண்ணெய், சாதக் கஞ்சி, ரத்தக் கறைகளை உடைக்கிற நொதிகளும் இருக்கும். கிட்டில் இவை எதுவும் இல்லை. ஒன்றரை மடங்கு லிக்விட் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் பலரும் செய்கிற ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். "எங்க ஊரு புளோரைடு தண்ணி, அதனாலதான் சோப்பு நுரைக்கல" என்பார்கள். பல்லில் கறையும் எலும்பில் வலியும் கொண்டுவந்த புளோரைடு நம் ஊரின் பெரிய துயரம்தான். அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைத்தார்கள். 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவான திட்டம். ஆனால் சோப்பைத் திரிய வைப்பது புளோரைடு இல்லை. சொல்லப்போனால் கால்சியம் குறைவான தண்ணீரில்தான் பெரும்பாலும் புளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். ஆகவே ஒரு போரில் புளோரைடு அதிகமாக இருந்து சோப்பு நன்றாக நுரைக்கலாம். பக்கத்துத் தோட்டத்துப் போரில் புளோரைடு குறைவாக இருந்து சோப்பு திரியலாம். நுரை வருகிறதே, குடிக்கலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடுவார்கள்.

"கெட்டியா இருக்கு பாருங்க, நுரை எப்படிப் பொங்குது பாருங்க" என்பது அடுத்த வாதம். எஸ்.எல்.இ.எஸ். கரைசலில் சமையல் உப்பைப் போட்டால் அது கெட்டியாகும். அந்தக் கெட்டித்தன்மை உப்பால் வந்தது, சரக்கால் வந்தது இல்லை. நுரைக்கும் வெளுப்புக்கும்கூடப் பெரிய சம்பந்தம் கிடையாது. முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கு நுரை குறைவாக வருகிற பவுடரைத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். அதிக நுரையை அலசி எடுக்க இன்னும் இரண்டு வாளி தண்ணீர் வேண்டும். தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கிற ஊரில் அந்த இரண்டு வாளிக்கும் விலை உண்டு.

சமையல் சோடாவும் வினிகரும் கலக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆப்பசோடாவையும் வினிகரையும் சேர்த்தால் பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். பொங்கி முடிந்தபின் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, துணியை வெளுக்கும் சக்தி இல்லாத ஒரு உப்புக் கரைசல்தான் மிஞ்சும். துருவிய சோப்போடு வினிகரோ எலுமிச்சையோ சேர்த்தால் இன்னும் மோசம். சோப்பு உடைந்து பிசுக்கான கொழுப்பு அமிலமாக ஆகிவிடும். ஆப்பசோடா வேறு, வாஷிங் சோடா வேறு என்பதுகூடச் சில வீடியோக்களில் இல்லை.

அடுத்தது, "இது கெமிக்கல் இல்லாதது". இதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இதை நம்பித்தான் அம்மாக்கள் குழந்தைத் துணிக்கு ஊற்றுகிறார்கள். ஆசிட் ஸ்லரிக்கு மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. நம் தமிழ்நாட்டிலேயே மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை அந்த மூலப்பொருளைத் தயாரிக்கிறது. பெரிய கம்பெனிப் பவுடரில் இருப்பதும் கிட்டில் இருப்பதும் ஒரே சரக்குதான். கெமிக்கல் என்பதாலேயே அது தீங்கு என்று நான் சொல்லவில்லை. அதை யார், எங்கே, எப்படிக் கையாளுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு என் நாத்தனார் வீட்டுச் சமையலறை பதில் சொன்னது. ஸ்லரி கருப்பட்டிப் பாகு போலக் கரும்பழுப்பாகக் கெட்டியாக இருக்கும். அது கடும் அமிலம், அதில் கொஞ்சம் கந்தக அமிலமும் தங்கியிருக்கும். காஸ்டிக் சோடா கடும் காரம். தண்ணீரில் விழுந்ததும் கை வைக்க முடியாதபடி சூடேறும். அதைக் கரைக்க அவள் எடுத்தது குண்டானா என்று கேட்டேன். "ஆமா அண்ணி, பழைய அலுமினிய குண்டான்" என்றாள். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகாமல் போனது எங்கள் பாக்கியம்.

ஒரு கிலோ ஸ்லரியை முறிக்கச் சுமார் 120 கிராம் காஸ்டிக் சோடா தேவை. ஸ்லரியின் பலமும் காஸ்டிக்கின் ஈரமும் ஒவ்வொரு தடவையும் மாறும். ஆலையில் அதை அளந்து பார்த்து நிறுத்துவார்கள். வீட்டில் "ஒரு டம்ளர்" என்று போடுகிறோம். குறைந்தால் லிக்விடில் அமிலம் மிஞ்சும், கூடினால் காரம் மிஞ்சும். அவள் உள்ளங்கை உரிந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செய்தே ஆக வேண்டும் என்பவர்கள் லிட்மஸ் தாளாவது வாங்கி வைத்துச் சோதியுங்கள். கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் வாளி, திறந்த வெளி, இவை இல்லாமல் தொடாதீர்கள். காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அந்தக் குளிர்பான பாட்டில்களைப் பார்த்துத்தான். நீல நிறம், நல்ல வாசனை, குழந்தை கைக்கு எட்டுகிற மூலை. மீதிக் காஸ்டிக் கரைசலை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் ஓரம் வைத்திருந்தாள். பார்த்தால் வெறும் தண்ணீர். ஒரு வாய் குடித்தால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிப்போகும், பிள்ளை பல வருஷம் சோறு விழுங்கத் தவிக்கும். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரும்போது அது இரண்டாம் முறை சுடும். வாயைக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்த பாட்டிலை அன்றே வெளியே எடுத்தேன்.

"நம்ம பாட்டி காலத்துல பூந்திக்கொட்டையிலதானே துவைச்சாங்க?" என்பதையும் நிறையக் கேட்கிறேன். பூந்திக்கொட்டை நல்ல பொருள். அதன் நுரை உப்புத் தண்ணீரிலும் திரியாது. பட்டுக்கும் கம்பளிக்கும் அதைவிட மென்மையானது வீட்டில் கிடைக்காது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிற குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டு என்பது புரதம், காரம் பட்டால் நலிந்துபோகும். சோடா சேர்த்த எந்த வீட்டுப் பவுடரையும் கல்யாணப் புடவை பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

ஆனால் பாட்டி காலத்தில் வயலில் உழைத்த வேட்டியும் பிள்ளைத் துணியும் பூந்திக்கொட்டையில் வெளுத்தன என்பது உண்மை இல்லை. அவை உவர்மண்ணில் ஊறி, வெள்ளாவியில் வெந்து, கல்லில் அடிபட்டு வெளுத்தன. உவர்மண்ணில் இருப்பதும் சோடாதான். அதைத் தலையில் சுமந்து வந்து, விடியற்காலையில் வெள்ளாவி வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று துவைத்தது யார்? ஊர் வண்ணார் குடும்பங்கள். அவர்களுக்குக் கிடைத்தது வருஷத்துக்குச் சில மரக்கால் தானியமும் இராத்திரிச் சோறும். பாட்டி காலத்தில் சலவை மலிவாக இருந்தது என்றால், அந்த மலிவை ஒரு சமூகத்தின் முதுகில் ஏற்றி வைத்திருந்தோம் என்று அர்த்தம். அந்தக் காலத்தை உதாரணம் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு வாதம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "குழுவாகச் செய்து விற்றால் வருமானம்" என்பது. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தொடங்கியதே எங்கள் தருமபுரியில்தான். 1989இல், ஐஃபாட் எனப்படும் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கேதான் முதல் குழுக்களை அமைத்தது. வட்டிக்காரரிடம் கைகட்டி நின்ற பெண்கள் வங்கியில் கையெழுத்துப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தப் பெண்களுக்கு பினாயிலும் வாஷிங் லிக்விடும் மட்டுமே திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுப்பதை ஏற்க முடியவில்லை. ஒரே ஊராட்சியில் நான்கு குழுக்கள் ஒரே நீல லிக்விடைச் செய்தால் யார் யாரிடம் விற்பது? சொந்தக்காரர்கள் முதல் தடவை வாங்குவார்கள். வெள்ளைத் துணி சாம்பல் பூத்தபின் இரண்டாவது தடவை வாங்க மாட்டார்கள், முகத்துக்காகச் சொல்லவும் மாட்டார்கள். பாட்டிலில் அடைத்து விற்றால் அளவு, விலை, தயாரித்த மாதம், முகவரி எல்லாம் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதையும் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. ஊர்த் தண்ணீரைச் சோதித்து, அதற்கேற்ற சோடா அளவோடு பவுடர் கலந்து, ஒவ்வொரு தொகுதியையும் லிட்மஸ் பார்த்து, ஒரே இடத்தில் பாதுகாப்போடு பத்துக் குழுக்களுக்கும் சேர்த்துச் செய்தால் அது நிற்கும். எங்கள் தண்ணீருக்கென்று செய்த பவுடர் என்று சொல்லி விற்கலாம். கம்பெனிக்காரர் தருமபுரிக்கென்று தனியாகக் கலப்பதில்லையே.

சரி, துணிச் செலவு குறைய வேறு வழி என்ன என்று நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்வி. மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையைப் பத்துச் செலவுக்குப் பிரித்து வைக்கிறவளுக்கு ஐம்பது ரூபாயும் பெரிதுதான்.

வாஷிங் சோடா, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள 15 லிட்டர் வாளியை இளக்க, நீர் நீக்கிய சோடா 8 கிராம் போதும். ஏறக்குறைய இரண்டு சிறு கரண்டி. சோடாவை முதலில் போட்டு, கரைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, பிறகு பவுடரைப் போட வேண்டும். பவுடர் பாதி போதும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். பட்டு, கம்பளி, கைக்குழந்தைத் துணிக்கு வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சாதீர்கள், சோடியம் ஏறி மண் இறுகிவிடும். கடைசியாக அலசிய தண்ணீரை வேண்டுமானால் விடலாம்.

பவுடரைக் கையால் அள்ளாமல் ஒரு கரண்டி வைத்து அளந்து போடுவது இன்னொன்று. ராத்திரியே ஊறவைத்துவிடுவதும் அப்படித்தான். நேரம் செய்கிற வேலைக்குக் காசு கொடுக்க வேண்டாம். காலருக்கும் கைமடிப்புக்கும் மட்டும் பார் சோப்பைத் தேய்த்தால் போதும்.

எல்லாவற்றிலும் பெரியது மழைத் தண்ணீர். ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003லேயே அரசு கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அந்தக் குழாய் இப்போது குப்பை அடைத்துக் கிடக்கிறது. 500 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டர் விழும். அதில் கால்சியம் இல்லை, மெக்னீசியம் இல்லை, சோப்பைத் தின்ன ஒன்றுமே இல்லை. ஊறவைக்கும் வாளிக்கு மட்டும் ஒரு குடம் மழைத் தண்ணீர், அலசப் போர்த் தண்ணீர். பவுடரில் துவைக்கிறவர்களுக்கு இதுவே போதும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள். முறை வைத்து வருகிற அந்தத் தண்ணீர் பிள்ளைகளின் எலும்புக்காக வருவது.

ஐப்பசியில் மறுபடி போயிருந்தேன். மாடிக் குழாயின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, கீழே 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வைத்தோம். முதல் பத்து நிமிஷ மழையைக் கீழே விட்டுவிட்டு அதன்பின் பிடித்தோம். மிச்சமிருந்த லிக்விட் மாட்டுக்கொட்டகைத் தரை கழுவப் போயிற்று. பாட்டில்களில் "விஷம்" என்று பெரிதாக எழுதிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது.

"அண்ணி, டிரம் காலியாயிடுச்சு. பக்கத்து வீட்டு அக்காவும் வந்து ரெண்டு குடம் எடுத்துட்டுப் போனாங்க. அந்த மாதிரி டிரம் தருமபுரியில எந்தக் கடையில கிடைக்கும்?"